ஒரு முடி எவ்வளவு தாங்கும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே மூவரும் சுகம். நீங்களும் மலையில் நீங்கள் கட்டும் பாலமும் நலமாக இருக்க வேண்டும்.

உங்களை என்ன சொல்லி அழைப்பது என்று யோசித்ததிலேயே இரண்டு தாள் குப்பைக்குப் போயிற்று. ‘மேடம்’ என்று எழுதினால் லீவு லெட்டர் மாதிரி இருந்தது. பெயர் எழுதக் கை வரவில்லை. வயதில் நான்தான் உங்களுக்கு மூன்று வருடம் மூத்தவள். ஆனாலும் இந்த வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைத்தவர் நீங்கள், அவருக்கும் முதல் மனைவி நீங்கள். அந்த முறையில் அக்கா என்றே வைத்துக்கொண்டேன். பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். என் போன் பாதி நேரம் உங்கள் மகள் கையில்தான் இருக்கிறது. நான் எது அனுப்பினாலும் உங்களுக்கு முன்னால் அவள் படித்துவிடுவாள். அவரிடம் சொல்லச் சொன்னேன். “நீயே எழுதிடும்மா, நான் எழுதினா சண்டை மாதிரி இருக்கும்” என்று நழுவிவிட்டார். இந்த ஒன்றரை வருடத்தில் நாம் இருவரும் பேசிக்கொண்டது “நல்லாயிருக்கீங்களா”, “இதோ கூப்பிடறேன்” என்ற இரண்டு வாக்கியம்தான். மூன்றாவது வாக்கியமே இவ்வளவு நீளமாக வருகிறது, மன்னியுங்கள்.

விஷயம் அவள் முடிதான். ஒரு மாதத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வீடியோ போனில் உங்களிடம் பெர்ம் செய்துகொள்ளட்டுமா என்று கேட்டாளே, அது. “மருந்து போட்டுச் சுருட்டினா முடியோட வலு போயிடும். பதினெட்டு வயசுக்கு முன்னாடி அந்தப் பேச்சே வேண்டாம்” என்று நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது. பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உங்கள் முடிவுக்கு எதிராகப் பேச நான் இதை எழுதவில்லை. அதற்குப் பிறகு இங்கே நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் போனால் அது பெரிய நஷ்டம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பதின்மூன்று வயதில் என்னிடம் யாராவது ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நாலாம் நாள் கத்தரிக்கோலை எடுத்திருப்பேன். இவள் அழவில்லை. தட்டைத் தள்ளவில்லை. அன்று சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னை இன்னும் எந்த முறை வைத்தும் கூப்பிடுவதில்லை, ‘இங்க பாருங்களேன்’ என்பதுதான் இந்த வீட்டில் என் பெயர். “இங்க பாருங்களேன், வலு போயிடும்னு அம்மா சொன்னாங்க. எவ்வளவு போகும்னு சொல்லலையே. அளந்து பாத்தா தெரியும்ல?” என்றாள்.

 பதினான்கு வருடமாகக் குடிநீர் நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரை அளக்கிறவள் நான். ஒரு தடவைகூட என் வீட்டில் இருக்கும் எதையும் அளந்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை. எப்படி அளப்பாய் என்று கேட்டேன். “அம்மா கம்பியை மெஷின்ல மாட்டி, அது அறுந்து போற வரைக்கும் இழுப்பாங்க. அறுந்த அளவைப் பாத்துத்தான் பாலத்துல போடலாமா வேண்டாமான்னு சொல்லுவாங்க. முடியும் கம்பி மாதிரிதானே?” என்றாள். நீங்கள் எப்போதோ ஒரு நாள் அவளை வேலையிடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறீர்கள். அவள் அதில் ஒரு சொல்லைக்கூடக் கீழே சிந்தவில்லை.

அவரிடம் யோசனை கேட்டோம். “முடிதானே, போனா வளந்துட்டுப் போகுது” என்றார். “உங்களுக்கு வளந்துதா?” என்று அவரிடம் கேட்டேன். உச்சந்தலையைத் தடவிக்கொண்டே தன் கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அவளே பார்லர் அக்காவிடம் போய்ப் பேசி, மிச்சமிருந்த சுருட்டும் மருந்தையும் அதை நிறுத்தும் மருந்தையும் சின்னச் சின்ன பாட்டிலில் வாங்கி வந்தாள். தலையில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது, சீப்பில் உதிர்ந்த முடி மட்டும்தான் என்று நான் போட்ட நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டாள். ஒரு வாரம் உதிர்ந்த முடியைச் சேர்த்து, ஒன்றும் போடாதது இருபது, பத்து நிமிடம் ஊறியது இருபது, பார்லரில் வழக்கமாக வைக்கும் இருபது நிமிடம் ஊறியது இருபது என்று பிரித்தாள். ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, அடுப்பங்கரை மேஜையில் சனிக்கிழமை காலை ஆரம்பித்தோம். இரண்டு நாற்காலிக்கு நடுவே ஓர் அடிக்கோல், அதிலிருந்து தொங்கும் ஒற்றை முடி, முடியின் நுனியில் செலோடேப்பால் ஒட்டிய காகித டீக் கப். கப்புக்குள் சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட வேண்டும். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். கப் விழும் வரைக்கும் விட்ட தண்ணீரும் கப்பின் எடையும் சேர்ந்ததுதான் அந்த முடி தாங்கும் எடை.

இந்தத் தண்ணீர் யோசனை என்னுடையது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தேன். பத்து முடி முடிந்ததும் அவள் குனிந்து பார்த்துவிட்டு, “இங்க பாருங்களேன், முடி அறுந்து போகவே இல்ல. செலோடேப்புல இருந்து வழுக்கிட்டு வருது. இவ்வளவு நேரம் நாம டேப்போட வலுவைத்தான் அளந்திருக்கோம்” என்றாள். பதினான்கு வருட அனுபவம் மேஜை மேல் அசடு வழிந்தது. நோட்டில் எழுதியிருந்த பத்து எண்களையும் அடித்துவிட்டு, இரண்டு முனையையும் சட்டைப் பொத்தானில் முடிச்சுப் போட்டு, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை.

அக்கா, இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை கடைசித் தொகுதி, இருபது நிமிடம் ஊறியது. முடிகள் சரசரவென்று அறுந்துகொண்டிருந்தன. நாற்பது, நாற்பத்து நாலு, முப்பத்தொன்பது. நடுவில் வாசலில் ஆள். குழாய்த் தண்ணீரில் வாடை வருகிறதாம், பக்கத்து வீட்டுக்காரர். நான் குடிநீர் நிலையத்தில் வேலை பார்ப்பதால் இந்தத் தெருவின் எல்லாக் குழாய்க்கும் நான்தான் சொந்தக்காரி. அவரைச் சமாதானம் செய்துவிட்டுத் திரும்ப கால் மணி நேரமாயிற்று. அதற்குள் தனியாக மூன்று முடி அளந்திருந்தாள். அதில் ஒன்றுக்கு எதிரே முப்பத்தொன்று என்று எழுதியிருந்தாள். அறுபதில் அதுதான் மிகக் குறைவு. முகம் சுருங்கிப் போயிருந்தது, ஆனால் எண் தெளிவாக இருந்தது. காபி டம்ளரோடு வந்த அவர், “யாரும் பாக்கலையே மேஸ்திரி, ஒரு நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கலாம்ல” என்று கேலி செய்தார். எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பதால் அவர் அவளுக்கு வைத்திருக்கும் பட்டம் அது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அப்படிப் போட்டா பாலம் விழுந்துடும்ப்பா” என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம்கூட நறுக்கவில்லை, சாக்குச் சொல்ல. பெரிய பெரிய படிப்பு படித்துவிட்டு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறவர்கள், தலைவலி தரும் எண்ணைப் பார்த்தால் கொஞ்சம் வளைக்கத்தான் பார்ப்பார்கள். இவளோ, தன் ஆசை முழுவதும் எந்தப் பக்கமோ அதற்கு எதிராக வந்த எண்ணை, யாரும் பார்க்காத நேரத்தில், அப்படியே எழுதினாள். இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவரை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வேன்.

கணக்குப் போட்டதில், ஒன்றும் போடாத முடி சராசரியாக எழுபத்தெட்டு கிராம் தாங்கியது, பத்து நிமிடம் ஊறியது அறுபத்து நாலு, இருபது நிமிடம் ஊறியது நாற்பத்திரண்டு. “அம்மா சொன்னது சரிதான், பாதிக்குப் பாதி போயிடுது” என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துவிட்டு, பத்து நிமிடம் வைத்தால் ஐந்தில் ஒரு பங்குகூடப் போகாது, அப்படி ஒன்று முடியுமா என்று பார்லர் அக்காவிடம் கேட்டு வரலாம் என்றாள். அவள் எழுதிய நோட்டுத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அடித்த பத்து எண்களையும் அழிக்காமல் விட்டிருக்கிறாள், பாருங்கள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் அந்த நோட்டின் பக்கத்தில் நிற்க லாயக்கில்லை. என் முடி சுருள்முடி. போனில் உங்கள் மகளுக்குப் பின்னால் ஒரு புதர் நடமாடுமே, அது நான்தான். அவள் பெர்ம் கேட்டதும் என்னைப் பார்த்துத்தான் கேட்கிறாள் என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்துப் போனேன். முறை வைத்துக் கூப்பிடாவிட்டால் என்ன, என் மாதிரி முடி வேண்டும் என்கிறாளே என்று. வேலையிடத்தில் ஜம்பமாகச் சொல்லியும் ஆயிற்று. நீங்களும் அப்படியே நினைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் உங்கள் குரல் அன்று அவ்வளவு கறாராக வந்ததோ என்னவோ. அப்படி இருந்தால் உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். நான் எதை நினைத்துச் சந்தோஷப்பட்டேனோ, அதை நினைத்துத்தான் நீங்கள் வேதனைப்பட்டிருப்பீர்கள்.

நாம் இருவருமே ஏமாந்தோம் அக்கா.

பார்லர் அக்கா, பத்து நிமிடத்தில் பெரிய ரோலர் போட்டால் லேசான அலை வரும், இரண்டு மூன்று மாதத்தில் தளர்ந்துவிடும் என்றார். எந்த மாதிரி வேண்டும் என்று கேட்டு ஆல்பத்தை நீட்டினார். உங்கள் மகள் அதைத் திறக்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பென்சிலில் அவளே வரைந்த படம். ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கும் ஒரு பெண், தோளில் துண்டு, துண்டின் மேல் சுருள் சுருளாக முடி, ஒவ்வொரு சுருளின் நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர். என் முடி அப்படி இருக்காது. யார் இது, சினிமாக்காரியா என்றார் பார்லர் அக்கா. “எங்கம்மா. குளிச்சுட்டு வந்ததும், அயர்ன் பண்றதுக்கு முன்னாடி. கொஞ்ச நேரம்தான் இப்படி இருப்பாங்க, அப்புறம் நேராக்கிடுவாங்க. வேற யாரும் பாத்ததில்ல” என்றாள்.

எனக்கு உங்கள் முடி நேர்முடி என்றுதான் தெரியும். போனிலும் சரி, அவள் மேஜையில் இருக்கும் போட்டோவிலும் சரி, கோடு போட்ட மாதிரி இருக்கும். மலையில், ஹெல்மெட்டுக்குள், தினமும் அதை இழுத்து நேராக்குகிறீர்கள் என்றால் அதற்கு உங்களுக்கு ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்கும் உரிமை எனக்கில்லை. அந்த நிமிடம் எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. ஒரு நிமிடம்தான். அதற்குமேல் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு யாராலும் பொறாமைப்பட முடியாது. முடி காய்ந்த பிறகு எப்படி இருக்கும், நுனி எப்படி விழும் என்று பார்லர் அக்கா கேட்டார். “தெரியாது. ஈரமா இருக்கறப்ப மட்டும்தான் பாத்திருக்கேன்” என்றாள்.

திரும்பி வரும் வழியில், “அம்மாகிட்ட இந்தப் படத்தைப் பத்திச் சொல்லிடாதீங்க. அவங்களுக்கு அந்த முடி பிடிக்காது. பாவம்” என்றாள். நான் ஆமாம் என்றும் இல்லை என்றும் புரியாதபடி ஒரு தலையாட்டு ஆட்டிவைத்தேன். அதனால் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

பெர்முக்கு நீங்கள் சரி என்றாலும் வேண்டாம் என்றாலும் அதுதான் முடிவு. நான் ஒன்றும் மறுத்துப் பேச மாட்டேன், அவளும் பேச மாட்டாள். நான் கேட்பது வேறு. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் முதல் ஞாயிறு, குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு அப்படியே போனை எடுங்கள். அயர்னைத் தொட வேண்டாம். ஏன் என்று கேட்டால் கரண்ட் இல்லை என்று சொல்லிவிடுங்கள். முப்பத்தொன்றை முப்பத்தொன்று என்றே எழுதுகிற பெண்ணிடம் பொய் சொல்லச் சொல்கிறேன், தெரிகிறது. இந்த ஒரு பொய்யில் எனக்கும் பாதிப் பங்கு இருக்கட்டும்.

அன்று நான் பின்னால் துணி மடிக்க மாட்டேன். வெளியே போய்விடுவேன், அவரையும் இழுத்துக்கொண்டு போவேன். நீங்கள் அவசரப்பட்டு வைத்துவிடாதீர்கள். உங்கள் முடி தானாகக் காயும் வரைக்கும் அவளோடு பேசிக்கொண்டிருங்கள்.

உயரத்தில் ஏறும்போது பார்த்து ஏறுங்கள். நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மேஸ்திரியிடம் சித்தாளாக இருப்பவள்