சம்பந்தி வீட்டுப் புல்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், மாடுகள் நலம், புல் மட்டும் நலமில்லை. நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் அம்மா பின்னாலிருந்து அதைத் திருத்துகிறாள். இப்போதும் அடுப்படியிலிருந்து என்ன எழுதறீங்க என்று கேட்டாகிவிட்டது, ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமனாருடைய மேய்ச்சல் நன்றாக இருக்கிறது. காலையில் பால் கறந்த கையோடு வேலிப்பக்கம் போகிற பழக்கத்தையே நான் விட்டுவிட்டேன், அந்த அளவுக்கு நன்றாக இருக்கிறது. வாழ்நாளெல்லாம் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா என்று கேட்டுக்கொண்டிருந்த மனுஷன். உன் கல்யாணத்துக்குப் பிறகு பொழுது போகவில்லையென்று நம் பக்கத்து நிலத்தை வாங்கி நாலு மாட்டைக் கட்டினார். அவருக்குப் புல் முழங்காலைத் தொடுகிறது. மாட்டு வாலைப் பிடித்தே நடக்கப் பழகிய எனக்கு முள்செடியும் கட்டாந்தரையும். மேய்ச்சலைக் கம்பி கட்டித் துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறார், ஒன்றில் மாடு நின்றால் மற்றதெல்லாம் சும்மா கிடந்து தழைக்கிறது. மேய்ந்து புல் கணுக்கால் உயரத்துக்குக் குறைந்ததும் மாட்டை அடுத்த துண்டுக்கு ஓட்டிவிடுகிறார். இன்னும் கொஞ்சம் மேயலாமே சம்பந்தி என்றேன், அதற்கு அவர், அடி வரைக்கும் மேய விட்டா அப்புறம் அது எதை வெச்சு வளரும் சம்பந்தி, மாப்பிள்ளை சொல்லியிருக்காரு என்கிறார். எதைக் கேட்டாலும் மாப்பிள்ளைதான். மண்ணைச் சோதனைக்கு அனுப்பிச் சுண்ணாம்பு போட்டது மாப்பிள்ளை சொல்லி, புல்லோடு மசால் என்கிற தீவனப்பயிர் விதையைக் கலந்து தூவியது மாப்பிள்ளை சொல்லி, ஒரே இடம் மிதிபட்டுச் சேறாகுமென்று தண்ணீர்த் தொட்டியை மாற்றி மாற்றி வைப்பதும் மாப்பிள்ளை சொல்லி. யாரடா அந்த மகா மேதாவி மாப்பிள்ளை என்று நினைத்தேன், அப்புறம்தான் அது நான் பெற்ற பிள்ளை என்று உறைத்தது. எனக்குப் பொறாமைதான், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. உங்க வயித்தெரிச்சலுக்கு மருந்துக் கடையில மாத்திரை கிடையாதுங்க என்று அம்மாவும் சொல்லிவிட்டாள்.

அதனால் நானும் இறங்கினேன். யாரையும் கேட்கவில்லை. பிள்ளை புல்லுக்குப் படித்துப் புல்லுக்கே வேலை பார்க்கிறான், அவனுக்கு அப்பன் நான், எனக்குத் தெரியாதா என்கிற ரோஷம். முள்செடிகளைப் பூ வைக்குமுன் பறித்து எரித்தேன், தரையைக் கீறிவிட்டு அவர் வாங்கிய கடையிலேயே அதே விதையை வாங்கித் தூவினேன், சம்பந்தியிடம் மூச்சு விடாதே என்று கடைக்காரனிடமும் சொல்லிவைத்தேன். மழை ஏமாற்றவில்லை, நிலம் பச்சென்று வந்தது. நீங்கள் விடுமுறைக்கு வந்து இறங்கும்போது உன் கண்ணில் முதலில் நம் மேய்ச்சல்தான் பட வேண்டும், அப்பாவும் செய்திருக்காரே என்று நீ சொல்ல வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து அவரும் கடைசித் துண்டில் புதிதாக விதைத்திருந்தார். நமக்கு முன்னாலேயே விதைத்துவிட்டார் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு காலை எட்டிப் பார்த்தால் மனுஷன் புல்லுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, மாடு கடித்து இழுப்பதுபோல் ஒரு பிடி புல்லைச் சுண்டி இழுத்துக்கொண்டிருந்தார். இங்கே ஒன்று, அங்கே ஒன்று. நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன், என்ன சம்பந்தி, இன்னிக்கு நீங்களே மேயறீங்களா என்று குரலும் கொடுத்தேன். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்க் கேட்டைத் திறந்துவிட்டார். அவர் மாடுகள் புதுப்புல்லில் நிற்க, என் மாடுகள் கட்டுத்தறியில் காய்ந்த வைக்கோலை மெல்லுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நானும் அவிழ்த்து நம் புதுப்புல்லில் விட்டேன். நம் ராங்கிக்காரி, அவள்தானே எப்போதும் முதலில் நுழைவாள், தலையைக் குனிந்து ஒரு இழு இழுத்தாள், புல் வேரும் மண்ணுமாக வாயோடு வந்துவிட்டது. வாயில் மண்ணோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மற்றதுகளும் அதே வேலையைச் செய்தன, நான் கத்திக்கொண்டே ஓடி விரட்டி முடிப்பதற்குள் பாதி மேய்ச்சல் களை எடுத்த பாத்தி மாதிரி ஆகிவிட்டது. சம்பந்தி குந்தி உட்கார்ந்து இழுத்தது வேர் பிடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான். இலை மட்டும் அறுந்து வந்தால் மாட்டை விடலாம், வேரோடு வந்தால் பொறுக்க வேண்டும். இதுவும் நீ சொன்னதுதானாம்.

அவர் வந்தார். குத்திக் காட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன், அதற்கும் இடம் கொடுக்கவில்லை. வேலிக் கம்பியை அவிழ்த்துவிட்டு, உங்க நிலம் தேறட்டும், அது வரைக்கும் மாடுங்க இந்தப் பக்கம் மேயட்டும் என்றார். தாயில்லாக் கன்றாக வந்து என் கையால் புட்டிப்பால் குடித்த ராங்கிக்காரி திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அது எனக்குத் தாங்கவில்லை. நின்ற இடத்திலேயே கொட்டிவிட்டேன், என் புள்ள எல்லாத்தையும் உங்ககிட்டதான் சொல்றான், முழங்கால் வலி எப்படி இருக்குன்னுகூட எனக்கு மருமகதான் போன் பண்ணிக் கேக்குது என்று.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை. உங்களுக்காவது என் பொண்ணு பேசுதே சம்பந்தி என்றார். எனக்கு அது பேசறதில்ல, மாப்பிள்ளைதான் பேசறாரு, பேசும்போது பின்னால அது குரல் கேக்கும், ஏதாவது சொல்லும், சிரிக்கும், சீக்கிரம் வெச்சுடக் கூடாதேன்னுதான் புல்லப் பத்திக் கேட்டுக்கிட்டே இருப்பேன், கேட்டுட்டுச் செய்யாம இருந்தா மரியாதை இல்லையேன்னு செஞ்சேன், புல்லு அது பாட்டுக்கு வளந்துடுச்சு என்றார்.

அவ்வளவு புல்லும் அப்படி வந்தது. இதைப் படித்துவிட்டு மருமகளைக் கோபிக்காதே, பெற்ற அப்பனிடம் பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள், நீயும் அப்படித்தானே நினைக்கிறாய். அவள் தன் அப்பாவைக் கூப்பிடட்டும். ஆனால் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டு அங்கே பேச வேண்டாம், அது சரிப்பட்டு வராது, அவருக்கென்று தனியாகக் கூப்பிடட்டும். அதுவரை நீ அவரிடம் பேசும்போது அவளைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக்கொள், பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டால்கூட அவருக்குப் போதும் போலிருக்கிறது. எனக்கு நீ சொல்ல வேண்டியது, பிடுங்கிப் போன இடத்தில் மறுபடி எதைத் தூவுவது, எப்போது தூவுவது. அவரிடம் சொல்லியனுப்பாதே, என்னிடம் சொல். ஒன்றும் தெரியாதவன் மாதிரி முதலிலிருந்து சொல், நானும் நிறையக் கேட்பேன்.

நீங்கள் வரும்போது நம் நிலம் பாதி சொட்டையாகத்தான் இருக்கும். இருந்தாலும் முதலில் இதைப் பார்த்துவிட்டு அப்புறம் அங்கே போ. இருவரும் நோய் நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீடூழி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே, அவருக்கு முன்னால் எனக்கு.

உன் பொறாமைக்கார
அப்பா