சந்தியாகு பேரில் வந்த தந்தி

14 ஆகஸ்ட் 1965, சனி

தோல் கிடங்கில் சரக்குச் சீட்டு எழுதி முடித்து, முழங்கால் தண்ணீரில் வீடு வந்தேன். தாராவியில் மழை என்றால் இதுதான் லட்சணம். பட்டாளத்திலிருந்து இளைய மகன் தனசீலன் கடிதம் வந்திருந்தது. இருதயமேரிக்கு வாசித்தேன். சப்பாத்தி தின்று நாக்கு செத்துவிட்டதாம், மிளகாய்ப்பொடி வேண்டுமாம். அனுப்பியவர் பெயரை மட்டும் வழக்கம்போல் விட்டுவிட்டேன். 'ஏ. சந்தியாகு'. அவளுக்கு எழுத்துத் தெரியாதது எனக்கு வசதி.

சந்தியாகு எங்கள் மூத்தவன். ஒரு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். ரெண்டு வருஷம் முன்னால் தனசீலன் பட்டாளத்துக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது அவனுக்குப் பதினாறுதான். சாராயக் கூட்டத்தோடு திரிந்த பயல். கழுதை எங்கேயாவது போய் உருப்படட்டும் என்று, வயசுக்குச் சான்றாக அண்ணனுடைய ஞானஸ்நானச் சீட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் பேரிலேயே சேர்ந்துவிட்டான். மேரியிடம் சொல்லவில்லை. கத்துவாள்.

7 செப்டம்பர்

பாகிஸ்தானோடு சண்டை வந்துவிட்டது. ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். கடிதம் இல்லை.

20 செப்டம்பர்

தந்தி. "சந்தியாகு கா கர்?" சந்தியாகு வீடா என்று இந்தியில் கேட்டான் கொண்டுவந்தவன். ஆங்கிலத்தில் ரெண்டு வரி. திரும்பத் திரும்ப வாசித்தேன்.

"என்னங்க போட்டிருக்கு?"

"சந்தியாகு... சண்டையில இறந்துட்டான்னு..."

மேரி சிரித்தாள்! "கிறுக்குப் பயலுவ. எம் மூத்த பிள்ளை செத்து இருவது வருசம் ஆச்சுல்லா? இது வேற எந்தத் தாய் பெத்த பிள்ளையோ, பாவம். சரியான வீட்டுல கொண்டு குடுக்கச் சொல்லுங்க."

பிறகு அந்தத் தாய்க்காக முழங்கால் போட்டு ஜெபமாலை சொன்னாள். நானும் பக்கத்தில் முழங்கால் போட்டேன். பாவி. பாவி நான்.

23 செப்டம்பர்

சண்டை நின்றுவிட்டதாம். எங்கள் சாள் குடித்தனக்காரர்கள் எல்லாரும் தெருவில் நிற்கிறார்கள். மேரி மிளகாய் வறுக்கிறாள். "இனி லீவுல வந்துருவாம்லா?" என்று கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நெடி என்றேன்.

10 அக்டோபர்

பக்கத்து வீட்டு வெயிலுமுத்துவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். "அண்ணாச்சி, மதினிட்ட சொல்லிருங்க. நாள் ஆக ஆகப் பொல்லாப்பு" என்றான். நாளைக்குச் சொல்லுதேன் என்றேன். எந்த நாளைக்கு? தபால்காரன் வரும் நேரமெல்லாம் வாசலில் போய் நிற்கிறாளே, அவளிடம் என்னத்தைச் சொல்ல?

11 அக்டோபர்

சொல்லவில்லை.

2 நவம்பர்

கல்லறைத் திருநாள். சயான் கல்லறைத் தோட்டத்தில் சந்தியாகுவின் சின்னக் குழிமேட்டைக் கூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றினாள். "தம்பிகிட்ட இருந்து ஒரு தகவலும் இல்ல ராசா. நீதான் அவனைப் பாத்துக்கிடணும்" என்று மண்ணைத் தடவினாள்.

அதற்குமேல் தாங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். சீட்டு, பேர், தந்தி — எல்லாம்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என்னையே பார்த்தாள்.

"அப்ப, அன்னிக்கு ஜெபமாலை சொன்னேனே... அந்தத் தாய் நாந்தானா?"



15 நவம்பர்

சோறு வைக்கிறாள். பேச்சு இல்லை. அழவும் இல்லை. அழுதாலாவது தேவலை.

9 டிசம்பர்

பட்டாளத்திலிருந்து அவன் தகரப்பெட்டி வந்தது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அண்ணன் பெயர். உள்ளே ரெண்டு சட்டை, ஒரு சீப்பு, கழுத்தில் போட மேரி தைத்துக் கொடுத்த உத்தரியம். தையலை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுடைய தையல்தான்.

மூடியைச் சாத்தினாள். "இதுல இருக்க பேரை அழிச்சிருங்க. எம் பிள்ளை பேரை எழுதுங்க."

ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசியது அவ்வளவுதான். கிடங்கிலிருந்து பெயிண்ட் வாங்கி வந்து, தமிழில் எழுதினேன். 'சீ' கோணலாகிவிட்டது.

காயக்கூட விடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலுமுத்து வீட்டுக்குப் போனாள். "என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க தம்பி."

"தனசீலன்னு போட்டிருக்கு, மதினி."

அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நின்றேன்.