அய்யலூர்ச் சந்தையில் ஒரு உப்பு டீ

எங்கேயோ ஒரு சந்தையில் இப்பவும் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாக இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அதனால் நேராகச் சண்டைக்கே வாரேன்.

உனக்குச் சர்க்கரை இருக்குன்னு டாக்டர் சொன்னப்ப, "நான் இனிப்பே தொடமாட்டேனே, எனக்கு எப்படி வரும்?"னு அவரையே மடக்கின. வாஸ்தவம், பூந்தியைக்கூடத் தொட்டதில்லை. ஆனா வியாழக்கிழமை சந்தையில ஒவ்வொரு பேரம் முடிஞ்சதும் ஒரு டீ. ஆட்டுத் தரகரான நீயும் வாங்குறவரும் சேர்ந்து குடிச்சாத்தான் பேச்சு உறுதி. கிளாசுக்கு அடியில கரையாத சர்க்கரையே மணல் மாதிரி நிக்கும். கேட்டா, "அது சாப்பாடு இல்ல பாப்பா, யாவாரம்"னு சொல்லுவ. உன் ரத்தத்திலேயே யாவாரம் கலந்திருக்குன்னு ஊர் சொல்லும். நெசமாவே கலந்துருச்சேப்பா.

கால்ல ஆணி ஏறினதுகூட உனக்குத் தெரியல. சர்க்கரையால பாதம் மரத்திருக்கு. நீயோ, "சந்தையில தேஞ்ச காலு, உறைக்காது"ன்னு பெருமை பேசின. புண் புரையோடின பிறகுதான் பார்த்தோம். அந்தப் புண்ணே உன்னைக் கொண்டுபோயிருச்சு. வலிச்சிருந்தா நீ பிழைச்சிருப்ப. வலி இல்லைங்கிறதை எல்லாம் ஒரு பெருமைன்னு யாருப்பா உனக்குச் சொன்னது?

வீட்டுச் செய்தி கேளு. அண்ணன் இப்ப உன் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுத் தரகுக்குப் போறான். உன் தொப்பையையும் சேர்த்தே வாங்கிக்கிட்டான். போன மாசம் நச்சரிச்சு அவனை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனேன்.

"இன்னும் நோய் இல்ல தம்பி, ஆனா சர்க்கரை அளவு கொஞ்சம் கூட இருக்கு"ன்னாங்க டாக்டரம்மா. "அப்பாவுக்கு இருந்திருக்கு, உங்க இடுப்பும் பெருத்திருக்கு. இப்பவே எடையைக் குறைங்க. தினமும் அரை மணி நேரம் வேகமா நடங்க. சோத்தைக் குறைச்சுக் காய், பயறைக் கூட்டுங்க. சர்க்கரை டீயை விடுங்க. வராமலே தடுக்க நல்ல வாய்ப்பு இருக்கு."

அவன் காதுல "நோய் இல்ல" மட்டும்தான் விழுந்துச்சு. திரும்புற வழியிலேயே வண்டி பரோட்டாக் கடையில நின்னுச்சு. "உடம்புக்கு ஒண்ணும் செய்யலையேடி"ங்கிறான். உனக்கும்தான் ஒண்ணும் செய்யல. அம்மாவோ, "வம்சத்துல இருந்தா வரத்தான் செய்யும்"னுட்டு காய் வெஞ்சனத்தை விட்டுட்டுச் சோத்தையே அள்ளி வைக்குது. வம்சம் நோயை ஆடு மாதிரி சந்தை வரைக்கும் ஓட்டிட்டு வரும், சரி. வாங்கியே தீரணும்னு சட்டமா இருக்கு?

எனக்குப் பொறுக்கல. இந்த வியாழக்கிழமை எனக்கு லீவு. அவன்கூடச் சந்தைக்குப் போனேன். உன் பழைய வாடிக்கை, வத்தலக்குண்டு கறிக்கடை சுப்பையா மாமா வந்திருந்தாரு. பேரம் படிஞ்சது. டீயை நானே வாங்கிட்டு வந்தேன். அண்ணன் டீயில சர்க்கரைக்குப் பதிலா ரெண்டு கரண்டி உப்பு.

ஒரு வாய் குடிச்சான். கண்ணு பிதுங்குச்சு. துப்பினா பேரம் முறிஞ்சதா அர்த்தம். உன் மகனாச்சே, மூஞ்சி சுளிக்காம மொத்தத்தையும் குடிச்சு முடிச்சான்.

"மாமா, பேரம் உறுதிதானே?"ன்னேன்.

"இதென்ன கேள்வி தாயி? குடிச்சாச்சுல்ல."

"அவன் குடிச்சது உப்பு டீ. உப்புப் போட்டாலே பேரம் நிக்குது, ஒண்ணுமே போடாட்டி ஓடிருமா?"

அண்ணன் என்னை அடிக்கக் கையை ஓங்கினான். மாமா சிரிக்கவே இல்ல. கையில இருந்த மிச்ச டீயைக் கீழே வச்சாரு.

"எனக்கும் சர்க்கரைதான் தாயி. மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் வாரேன். டீ வேணாம்னா உங்கப்பா மனசு சங்கடப்படுமேன்னு இம்புட்டு வருசமும் குடிச்சேன்."

அப்பா, டீயை விடச் சொன்னப்ப நீ அம்மாகிட்ட என்ன சொன்ன? "வேணாம்னா சுப்பையா சங்கடப்படுவான்"னு தானே? ரெண்டு சர்க்கரைக்காரங்க, ஒருத்தருக்காக ஒருத்தர், வாரா வாரம் அந்தப் பாகைக் குடிச்சிருக்கீங்க. துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சே விலை பேசுற ஆளுங்க நீங்க. "எனக்குச் சர்க்கரை வேணாம்"னு வாயைத் திறந்து சொல்ல ஒருத்தருக்குக்கூட முடியலையா? யாரைத் திட்டுறதுன்னே தெரியலப்பா. உன்னைத்தான் திட்டுறேன், நீதான் திருப்பித் திட்ட மாட்ட.

அடுத்த பேரத்துக்கு அண்ணனே கடைக்காரர்கிட்ட, "ரெண்டும் சர்க்கரை இல்லாம"ன்னான். குரல் சின்னதாத்தான் வந்துச்சு. ஆனா வந்துச்சு. திருந்திட்டான்னு நினைக்காதே. பரோட்டா இன்னும் ஓடுது, காலையில நடக்க எழுப்பினா போர்வை மட்டும்தான் நகருது.

ஆனாலும் சொல்றேன், கேட்டுக்கோ. அடுத்த பரிசோதனைக்கு அவனை இழுத்துட்டாவது போவேன். அவன் பக்கத்துல உட்கார்ந்து நானும் கையை நீட்டுவேன். எனக்குள்ள ஓடுறதும் உன் ரத்தம்தானே. என்ன வந்தாலும் இந்த வீட்டுல அதை யாரும் மூடி மறைக்கவிட மாட்டேன்.

இன்னும் கோபம் தீராத,
உன் வாலு மகள்