சிட்டு குடித்த பால்

14.10.1996, திங்கள்

எங்கள் நாய் சிட்டுவுக்கு எட்டு மாதம். பருவத்துக்கு வருமுன்பே கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம் என்றேன் நான். ஒரு தடவையாவது குட்டி போடட்டும் என்றார் இவர். மூன்று மாதம் சண்டை போட்டுப் போன வாரம்தான் சம்மதித்தார்.

ராத்திரியிலிருந்து அதற்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று நேற்றே சொல்லி வைத்திருந்தேன். காலையில் மதுக்கரையிலிருந்து ஆட்டோ பிடித்து, உக்கடம் தாண்டி மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டே டாக்டர், "காலைல ஏதாச்சும் தின்னுச்சுங்களா?" என்றார். இல்லை என்றேன். இவர் தலையைச் சொறிந்தார்.

"ஒரு டம்ளர் பாலும் ரெண்டு பன்னும் குடுத்துப்போட்டேனுங்க. ஊட்டை உட்டு வெறும் வயித்தோட அனுப்ப மனசு வரலீங்க."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "நல்லவேளை சொன்னீங்க. மயக்கத்துல வாந்தி எடுத்திருந்தா மூச்சடைச்சுச் செத்தே போயிருக்குமுங்க. வியாழக்கெழமை வாங்க."

திரும்பி வரும்போது பழைய கதை ஞாபகம் வந்தது. என் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் அன்றைக்கும் இட்லிப் பொட்டலத்தோடு வந்து நின்று நர்ஸிடம் திட்டு வாங்கியவர்தானே இவர். ஆனால் என் வாய்க்குப் பயந்து இன்று சும்மா நின்றிருந்தால்? சொன்னாரே, அது போதும்.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: "வியாழக்கெழமை நானும் பட்டினி இருந்துக்கறேன் அம்மணி. அப்பத்தான் எனக்கு ஞாபகம் இருக்கும்."

சிட்டு அவர் காலடியில் தூங்குகிறது. புதன்கிழமை ராத்திரியே பன்னை ஒளித்து வைத்துவிட வேண்டும், இரண்டு பேரிடமிருந்தும்.