சம்பந்தி வீட்டு மேசையில் உன் அப்பா

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம், என் மூட்டுவலி என்னைவிட நலம். நீயும் மருமகளும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததும் நான் மயங்கி விழுந்தேன் என்று உன் அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் விழவில்லை, உட்கார்ந்தேன். பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துத்தான் உட்கார்ந்தேன். பேரன் முகத்தில் வரைந்திருந்த மண்டையோட்டைக் கண்டு பயந்தேன் என்பதும் பொய். பல்வரிசை கோணலாக இருந்தது, அவ்வளவுதான். அடுத்த வருஷம் மருமகளை நிதானமாக வரையச் சொல்.

என்னை உட்கார வைத்தது அவனுக்குப் பின்னால் தெரிந்த அந்த மேசை. உங்கள் தெருப் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்குவது எனக்குத் தெரியும், அது விளையாட்டு. அதே வாரத்தில் மருமகள் வீட்டார் இறந்தவர்களுக்கு மேசை போட்டு, படமும் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து, அவரவருக்குப் பிடித்ததைப் பரிமாறிவிட்டுக் காத்திருப்பார்கள் என்பதும் நீ எழுதியதுதான். எங்கள் கான்வென்ட்டில் வருஷத்துக்கு ஒருநாள் சிஸ்டர்கள் எங்களை வரிசையாகக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய்ப் பெயர்களை உரக்க வாசிக்கச் சொல்வார்கள், உச்சரிப்பு தவறினால் மறுபடி முதலிலிருந்து. எதிர்வீட்டுத் தையற்காரி, தன் தாயார் போன தேதியில் மெஷினைத் தொடமாட்டாள். ஆளுக்கொரு வழி, யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் சம்பந்தியம்மாள் தன் மாமியாருக்கும் தன் தம்பிக்கும் நடுவில் என் புருஷனை வைத்திருக்கிறாரே, என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? அதுவும் உன் கல்யாணத்தில் நானும் அவரும் சேர்ந்து நின்ற படம். உயிரோடு இருப்பவர்கள் அந்த மேசையில் இருக்கக்கூடாது என்று என்னைக் கத்தரித்துவிட்டார்களாம். அவர்கள் வழக்கம், இருக்கட்டும். வெட்டுகிறவர்கள் ஒழுங்காக வெட்டியிருக்க வேண்டாமா? அவர் தோள்மேல் என் நான்கு விரல்கள் மிச்சம் நிற்கின்றன. பார்க்கிறவர்கள் எவளுடைய கை என்று நினைப்பார்கள்?

இதோடு போயிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். படத்துக்கு முன்னால் காபிக் கோப்பையும் சர்க்கரைக் கிண்ணமும் இருந்ததைப் பார்த்து, உன் அப்பாவுக்கு ஏது சர்க்கரை, எடுக்கச் சொல் என்று போனில் சொன்னேன். நீ கொஞ்சமும் யோசிக்காமல், "இல்லம்மா, இங்க இருந்தப்ப அப்பா மூணு ஸ்பூன் போட்டுத்தான் குடிப்பாரு, அவரும் என் மாமியாரும் சமையல்கட்டுல உக்காந்து ஒரே சிரிப்பு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாய். கடித்தது எனக்கு இங்கே கேட்டது. நான் கண் ஆபரேஷனுக்காக இங்கே தங்கிவிட, அவர் மட்டும் அங்கே வந்திருந்த அந்த இரண்டு மாதம்தானே அது. ஒரு கண்ணில் கட்டோடு அவர் வரும் நாளை எண்ணிக்கொண்டு கிடந்தேன். மருந்துக்கடை வைத்து ஊருக்கெல்லாம் சர்க்கரையைக் குறை என்று சொன்ன மனுஷர், சர்க்கரை வியாதி வந்த நாளிலிருந்து நான் பதினெட்டு வருஷம் கொடுத்த வெறும் காபியை முகம் சுளிக்காமல் குடித்தார். அவருக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மாளுக்கு நம் பாஷையில் ஒரு சொல் தெரியாது, இவருக்கு அவர்கள் பாஷை தெரியாது. என்னோடு நாற்பத்தொரு வருஷம் ஒரே பாஷையில்தான் பேசினார், ஒரே சிரிப்பாக நான் பார்த்த நாள் நினைவில் இல்லை.

உன் அத்தை, "என்ன அண்ணி, இந்த வயசுல பொறாமையா, அதுவும் போய்ச் சேர்ந்த அண்ணனுக்காகவா?" என்று கேட்டாள். அந்த ஒன்றை மட்டும் அவள் சரியாகச் சொன்னாள். பொறாமைதான். பேரன் போனை வாங்கி, "பாட்டி, தாத்தா வந்தாரு, காபி கொறஞ்சிருந்துச்சு, அம்மம்மா காட்டுனாங்க" என்றபோது, திறந்து வைத்தது எதுவும் காற்றில் குறையும் என்று விளக்கினேன். ஆனால் போனை வைத்தபிறகு மனசு ஆறவில்லை. போய்ச் சேர்ந்த இந்த நாலு வருஷத்தில் என் கனவில்கூட ஒருமுறை எட்டிப்பார்க்காதவர், அத்தனை தூரம் போய்க் காபி குடித்தாராமா?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு நானும் ஒரு காபி போட்டேன், மூன்று ஸ்பூன் சர்க்கரையோடு. அவர் நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு நாலு மணிவரை எதிரில் உட்கார்ந்திருந்தேன். எறும்புதான் வந்தது. கொட்டுவதற்கு முன் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

படத்தை எடுக்கச் சொல்லி அந்த அம்மாளிடம் எதுவும் பேசிவிடாதே, வைத்தது வைத்ததாகவே இருக்கட்டும். குழந்தை அத்தனை மிட்டாயைத் தின்ற பிறகு பல் தேய்க்கிறானா என்று பார். நீயும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, உன் அப்பாவின் உடம்பு உனக்கு. மூவரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க என் ஆசிகள். ஒரே ஒரு வேலை. மருமகளை விட்டு அந்த அம்மாளிடம் கேள், உன் அப்பா அங்கே எதற்காகச் சிரித்தார் என்று. அந்த அம்மாள் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுது. போனில் சொல்லாதே. கடிதமாகவே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா