ஒரே சீட்டுக்கவி, இரண்டு புலவர்கள்

அன்புத் தோழி,

இன்று மத்தியானம் பள்ளி மண்டபத்துக்குள் காலடி வைத்ததுமே கோதுமை மாப்பசையின் மணம் முகத்தில் அடித்தது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து வண்ணத்தாள் கொடிகள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். புலவர் விழா நெருங்கிவிட்டதல்லவா! அந்த மணம் பட்டால் எனக்கு இன்னும் கால் தரையில் நிற்பதில்லை. கூடவே நீயும் வந்துவிடுகிறாய், சேலைத் தலைப்பில் பசையைத் துடைத்துக்கொண்டு, "இஞ்ச பார் கா, கொடி கோணலாக் கிடக்கு" என்று, தோழிகளைக் கூப்பிடும் நம் ஊர்க் 'கா' போட்டு அதட்டியபடி. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு வருகிற முதல் விழா இது.

நம் முதல் விழாவை மறந்திருக்கமாட்டாய். புளியந்தீவுப் பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் புதிதாகச் சேர்ந்த ஆசிரியைகள். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்தைப் பெண்பிள்ளைகளின் கவிமன்றம் ஆக்கியிருந்தோம். பள்ளி மனேஜர் ஐயாவுக்கு அது பிடிக்கவேயில்லை. "பொம்புளப் பிள்ளைகளுக்குக் கவி என்னத்துக்கு? ஊசி நூலக் குடுங்க" என்பார். கடைசியில், ஊரறிய ஒரு விழா நடத்திக் காட்டச் சொன்னார். அது சரிவந்தால் மன்றம் இருக்கும். சரிவராவிட்டால் அந்த நேரம் தையலுக்குப் போய்விடும்.

உனக்கா பயம்? "காட்டுவம் கா, காட்டுவம்!" என்று துள்ளினாய். இரண்டு புலவர்களை அழைத்துக் கொண்டாடத் தீர்மானித்தோம். ஒருவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது படும் படுவான்கரையில் வாத்தியார். மற்றவர் கிழக்கே, பொழுது எழும் எழுவான்கரையில், காத்தான்குடி வாத்தியார். இந்தப் பக்கத்தில் ஏடு தொட்டவர்களில் பாதிப்பேர் இவர்களிடம் படித்தவர்கள்தான். அப்பேர்ப்பட்டவர்களை வெறும் கடிதம் போட்டுக் கூப்பிட முடியுமா? சீட்டுக்கவி போகவேண்டும், அழைப்பையே பாட்டாகக் கட்டி அனுப்பவேண்டும்.

நீ ஒரு வெண்பா கட்டினாய். மட்டக்களப்பு நாட்டில் கவி என்றால் நீர் ஒருவரே என்று அதில் ஒரு போடு போட்டிருந்தாய். அருமையான பாட்டு, பொறாமையாகவே இருந்தது. படுவான்கரைக்கு அதை அனுப்பியாயிற்று. மற்றவருக்கு?

"நல்லாத்தானே வந்திரிக்கு. ஊர்ப்பேர மட்டும் மாத்தி அவருக்கும் அனுப்புவம். ரெண்டு பேரும் பக்கத்தில வெச்சுப் பாக்கவா போறாங்க?" என்றாய். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

மேடை ஏறும் புலவர், தன்னை அழைத்த சீட்டுக்கவியை முதலில் பாடிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார் என்பது இந்த நாட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நம் இருவருக்கும் மட்டும் அன்று அது நினைவில் இல்லை.

மண்டபம் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். தோணியில் வந்திறங்கிய படுவான்கரைப் புலவர் கணீரென்று நம் கவியைப் பாடினார். 'நீர் ஒருவரே' என்ற இடத்தில் நின்று, நிதானித்து, திரும்பத் திரும்பப் பாடினார். பக்கத்து நாற்காலியில் இருந்த காத்தான்குடிப் புலவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்துப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "எனக்கு வந்ததையும் பாடத்தானே வேணும்" என்று அதே பாட்டை, இன்னும் நல்ல ராகத்தில் எடுத்தாரே பார்க்கலாம்! மனேஜர் முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிவு வரவில்லை.

நீதான் விறுவிறென்று மேடை ஏறினாய். "ஐயாமாரே, ரெண்டும் நான் கட்டினதுதான். அவருக்கு அனுப்பக்குள்ள அவரைத்தான் நினைச்சன். இவருக்கு அனுப்பக்குள்ள இவரைத்தான் நினைச்சன். பொய் ஒண்டும் எழுதல்ல."

சபை சிரித்தது. புலவர்கள் சிரிக்கவில்லை.

"அப்ப தெண்டம் கட்டோணும்" என்றார் காத்தான்குடிப் புலவர். "இப்பவே, இந்த இடத்திலயே, ஆளுக்கொரு புதுக்கவி."

"அதுதான் ஞாயம்" என்றார் படுவான்கரைப் புலவர்.

நீ நினைத்திருந்தால் நொடியில் கட்டியிருப்பாய். ஆனால், "நான் சொல்லமாட்டன். எங்கட மன்றத்துப் பிள்ளைகள் சொல்லுவாங்க" என்று கீழே கைகாட்டிவிட்டு இறங்கி வந்தாய். எனக்கு வந்த கோபத்தில் உன்னைக் கடித்துத் தின்றிருப்பேன்! முன்வரிசையில் கண்மணி எழுந்தாள். மாங்கேணி மீன்காரர் மகள், வகுப்பில் வாயே திறக்காதவள்.

"பொழுதுபடும் கரையிருந்து
பொன்கவிதை கொண்டுவந்தார்..."

அவ்வளவுதான். நின்றுவிட்டாள். அடுத்த அடி எனக்குள் முட்டிக்கொண்டு வந்தது; வாயைத் திறந்தேவிட்டேன். நீ என் கையில் நறுக்கென்று கிள்ளினாய். "சொல்லிக் குடுத்திராத கா. அவள்ட கவி அவள்ட வாயாலதான் வரோணும்." மனேஜர் நாற்காலியை விட்டு எழும்பப் பார்த்தார். நீ அசையவில்லை. கண்மணி, மேடையில் பொறுமையிழந்து தாளால் விசிறிக்கொண்டிருந்த காத்தான்குடிப் புலவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு குறும்பு ஏறியது.

"பொழுதெழும்பும் கரைப்புலவர்
பொறுத்திருந்து பாக்கிறாரே!"

கைதட்டலில் கொடிகள் ஆடின! "ஆளுக்கொண்டு கேட்டம், இவள் ஒண்டுக்குள்ளயே ரெண்டு பேரையும் கட்டிப்போட்டாளே!" என்று காத்தான்குடிப் புலவர் விழுந்து விழுந்து சிரித்தார். படுவான்கரைப் புலவர் தன் சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டார். மனேஜர் போகும்போது, "வெள்ளிக்கிழமைய நீங்களே வெச்சுக்கொள்ளுங்க" என்று மட்டும் சொன்னார்.

கண்மணி இப்போது வந்தாறுமூலைப் பக்கம் ஆசிரியை. நம் மன்றம் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாமல் நடக்கிறது. ஆனால் பிள்ளைகள் திணறும்போது பேசாமல் நிற்பது இருக்கிறதே, அதைவிடக் கஷ்டமான வேலையை நான் பார்த்ததில்லை. இன்றும் ஒரு சின்னவள், விழாவுக்குக் கட்டிய கவியில் மூன்றாம் அடியில் அகப்பட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம்! பிறகு சொன்னாள். நீயோ நானோ கனவிலும் கட்டியிருக்கமாட்டோம், அப்படி ஓர் அடி! பிள்ளைகள் எல்லாரும் எழுந்து கத்தினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "கேட்டியா கா!" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன்.