நாலு பேர் உட்கார்ந்தால் உரசும்

அன்புள்ள பேரனுக்குப் பாட்டி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர.

அன்றைக்கு டயர் கடையில் இருந்தவர்கள் நீ, உன் பெண்டாட்டி, உன் மாமா, கடைக்காரர், நான். வேறு ஈ காக்கை இல்லை. அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று நாளைக்கு யாராவது சொன்னால் நம்பாதே. எனக்குக் கண்தான் மங்கல், ஞாபகம் மங்கவில்லை.

உன் ஊருக்குக் கிளம்பும்போது என்ன சொன்னாய்? "இனிமே காரைப் பத்தி ஒரு வார்த்தை பேசுனா போனையே எடுக்க மாட்டேன் பாட்டி" என்றாய். சொன்னபடியே எடுக்கவில்லை. பிடிவாதத்தில் என் ரத்தம்தான். உன் பெண்டாட்டியிடம் சொல்லிப் பார்த்தேன். "மாமாவே குனிஞ்சு பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொன்னாரே பாட்டி" என்கிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்துக்கு நடுவில் யாரும் போனை வைத்துவிட முடியாது.

கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வளைவுல வண்டி உங்க பேச்சைக் கேக்கணும், அவ்வளவுதானே? பதினேழு அங்குலம் போதும் தம்பி. அதுக்கு மேல போனா சக்கரம் கனம், ரப்பர் மெலிசு, ஒரு குழியில விழுந்தா ரிம்மே வளைஞ்சிரும்." நீ தலையாட்டினாய். உன் மாமாதான் பத்தொன்பதில் நின்றான். காரைத் தாழ்த்தி ஸ்பிரிங் மாட்டியிருக்கிறதே, இதற்குமேல் அகலமான டயரும் போட்டால் நாலு பேர் உட்கார்ந்தால் உரசும் என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "நாலு பேர் ஏறுறதுக்கு இது என்ன டவுன் பஸ்ஸா? உரசாது, நான் பொறுப்பு" என்றான் உன் மாமா. நீயும் சிரித்தாய்.

அந்தக் கடைக்காரருடைய அப்பா, உன் தாத்தா இருந்த காலத்தில், என்னை மழையில் வெளியே நிற்கவைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து காப்பி குடித்தவர். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் நியாயத்தை நியாயம் என்றுதானே சொல்ல வேண்டும்.

மாட்டின சக்கரம் உள்ளே இடித்தது. சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் பிளாஸ்டிக் மறைப்பு ஒன்று இருக்கிறதாமே, அதை உன் மாமா கத்தியை வாங்கி அறுத்து எடுத்தான். கடைக்காரர் தொடமாட்டேன் என்று விலகிக்கொண்டார். செருப்புக்குத் தகுந்தபடி காலைச் செதுக்கின கதை. அந்த மறைப்புக்குப் பின்னால் இருப்பது வெறும் தகரத்தின் விளிம்பு.

பிறகு நாலு பேரும் ஏறினோம். நீ ஓட்டினாய், மாமா முன்னால், உன் பெண்டாட்டியும் நானும் பின்னால். நான் இடது பக்கம். தண்ணீர்த் தொட்டி வளைவில் நீ வேகமாகத் திருப்பினதும் என் இருக்கைக்கு அடியில் புதுத்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். தீய்ந்த நாற்றம். நான் கத்தினேன். "அம்மா, உன் வெயிட்டுக்கு ரயிலே உக்காந்திரும்" என்றான் உன் மாமா. எல்லோரும் சிரித்தீர்கள். என் பயத்தைப் பார்த்து உன் பெண்டாட்டிகூடச் சிரித்தாள். போகட்டும், சின்னப் பெண்.

நீ தனியாக ஓட்டுகிறவரை அது கேட்காது. அதுதான் எனக்குப் பயம். நீ அங்கே தினமும் ஓட்டிவிட்டு, பாட்டி உளறினாள் என்று நினைத்துக்கொண்டிருப்பாய்.

வீட்டுக்கு வந்ததும் உன் மாமா சக்கரத்துக்குள் கையை விட்டுத் தடவினதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையைக் கைக்குட்டையில் துடைத்தான். யாராவது பார்க்கிறார்களா என்று அக்கம்பக்கம் பார்த்தான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். துவைக்கப் போட்டபோது எடுத்துப் பார்த்தேன். கறுப்பாய் ரப்பர்த் துருவல், அதில் ஒட்டிக்கொண்டு பிசிறு பிசிறாய் நூல். இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், நீயே பார்.

அவனிடமே கேட்டேன். "சும்மா இரும்மா, நான் பொறுப்புன்னு சொல்லிட்டேன். இப்போ மாத்துனா அந்தக் கடைக்காரன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றான்.

நானே கைக்குட்டையைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் காட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டயருக்குள்ள இருக்கிற நூலே வெளியே தெரியுதுன்னா, தகரம் உள்பக்கம் வெட்டிருச்சும்மா. வெளியிலேர்ந்து பாத்தா புது டயராத்தான் தெரியும். சூடேறினா எங்கே வேணாலும் வெடிக்கும். வண்டியை எடுக்கவே வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகப்போவதாக உன் பெண்டாட்டி சொன்னாள். நாலு பேர், மூட்டை முடிச்சு, அத்தனை வளைவு. பக்கத்துத் தையல் கடையில் துணி கிழித்தால்கூட எழுந்து வாசலுக்கு ஓடுகிறேன். மழையில் சமையலறைச் சுவர் ஊறியிருக்கிறது, சரிசெய்ய ஆள் பார்க்கவில்லை. எதிலும் மனம் ஓடவில்லை.

ராசா, பக்கத்தில் எந்தக் கடையானாலும் சரி, ஆளை வீட்டுக்கே வரச்சொல்லி, பின்னால் இடது சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் பார்க்கச் சொல். மாட்ட வேண்டிய டயர் பதினேழு அங்குலம், அகலம் இருநூற்றுப் பதினைந்து, அதற்குப் பக்கத்தில் நாற்பத்தைந்து என்று போட்டிருக்கும். கடைக்காரர் ஒரு தடவைதான் சொன்னார், எனக்குப் போதும். அறுத்த மறைப்பையும் புதிதாகப் போடச் சொல். அதுவரை பஸ்ஸில் போ. என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், ஆயுசுக்கும் பேசாமல் இரு. இருந்தால் போதும்.

நீயும் அவளும் தீர்க்காயுசாய் இருக்க வேண்டும். உன் தலையில் கை வைத்துச் சொன்னதாக எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பாட்டி.

பின்குறிப்பு: சிரித்த உன்னை அன்றைக்கே மன்னித்துவிட்டேன், அவளையும். கடைக்காரரின் அப்பாவைக்கூட இன்றைக்கு மன்னித்தாயிற்று. நீங்கள் ஒரு கீறல் இல்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தாலும் சரி, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தவனை நான் மன்னிக்க மாட்டேன். உன் மாமா. நான் பெற்ற மகன்.